ஏட்டு ஜமால் கையை இறக்கினார்

“கடத்தல் லாரியைத் தன்னந்தனியே மறித்து, மார்பால் தடுத்து, இன்னுயிர் ஈந்த மாவீரர்.”

காவலர் நினைவு நாளில் மைக்கில் படிக்கப்போவதாக என்னிடம் காட்டப்பட்ட வாசகம் இது. காட்டியவர் எங்கள் ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்திருக்கும் எஸ்.ஐ. நித்யா. நல்ல பெண்தான். ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கும் என்னைத் தேடி வடக்குத்து கிராமம் வரைக்கும் ஸ்கூட்டியில் வந்திருந்தார். மாவீரர் என்று அதில் சொல்லப்பட்டவர் ஏட்டு ஜமால். நான் போலீசில் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே இருந்தவர். அவர் செத்தபோது நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

“மார்பால லாரியைத் தடுக்க முடியுமாம்மா? நீங்க என்ன படிச்சிருக்கீங்க?” என்று கேட்டேன்.

“எம்.எஸ்சி. பிசிக்ஸ், மேடம்.”

“நான் பி.எஸ்சி. பிசிக்ஸ். முடியாதுன்னு ரெண்டு பேருக்குமே தெரியும்.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வார்த்தையை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம் என்றார். எதை மாற்றுவது? அந்த வரியில் உண்மையான சொல் ஒன்றே ஒன்று. லாரி. மற்றபடி கடத்தலும் இல்லை, தன்னந்தனியும் இல்லை, மார்பும் இல்லை. ஒரு மனிதரைக் கொன்றுவிட்டு, கொன்ற விதத்தையும் மறைத்துவிட்டு, மேலே ஜரிகை போட்டு மூடியிருக்கிறார்கள். இத்தனை வருஷமாக அந்த ஜரிகையைத்தான் எடுத்து எடுத்துக் காட்டுகிறார்கள்.

நித்யாவுக்கு அன்றைக்கு இதெல்லாம் தெரியாது. புதிதாக வந்திருக்கும் காவலர்களுக்கு நான் கொஞ்ச நேரம் ஜமாலைப் பற்றிப் பேச வேண்டும், அவர்களுக்கு மோட்டிவேஷனாக இருக்கும் என்றார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. எதற்கு மோட்டிவேஷன்? லாரிக்கு முன்னால் போய் நிற்பதற்கா? அந்தப் பிள்ளைகளுக்கு எங்கே டூட்டி என்று கேட்டேன். சுரங்கத்துச் சாலை செக்போஸ்ட்டில் என்றார். அதே சாலை. ஜமால் நின்ற அதே இடம்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்த வரியை இனி எங்கேயும் யாரும் படிக்கக் கூடாது. அதைக் கேட்டுவிட்டு ஒரு பிள்ளை நாளைக்கு ரோட்டில் போய் நிற்பான்.

என் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் பெர்மனென்ட் தொழிலாளி. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். பி.எஸ்சி. முடித்ததும் டீச்சர் வேலைக்குப் போகச் சொன்னார்கள். ஒரே இடத்தில் உட்காரத் தெரியாதவள் என்பதால் போலீசுக்குப் போனேன். பயிற்சியில் மற்றவர்கள் மண்டபம் அதிர மனப்பாடம் செய்தபோது நான் ஏன் எதற்கு என்று கேட்டுக் கேட்டுத் திட்டு வாங்கினேன். அங்கே படித்ததில் பாதி மறந்துவிட்டது. ஒன்று மட்டும் மறக்கவில்லை. கவாத்து, அதாவது டிரில் வகுப்பில் சொன்னார்கள்: சாலையில் கைகாட்டி வண்டியை நிறுத்திக்கொண்டிருக்கும் காவலர் யாருக்கும் சல்யூட் அடிக்க வேண்டியதில்லை. விறைப்பாக நின்றால் போதும். ஏன் என்று அன்றைக்கும் கேட்டேன். “உன் கை உனக்குச் சொந்தமில்ல. எதிர்ல நிக்கிற வண்டிக்குச் சொந்தம்” என்றார் கவாத்து வாத்தியார். எனக்குப் பிடித்த ஒரே பதில் அது.

முதல் போஸ்டிங்கே செக்போஸ்ட். பெண் போலீஸ் அங்கே எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல்: பாண்டிச்சேரி. அங்கிருந்து சாராயப் பாக்கெட்டுகள் பஸ்ஸில் வரும். ஆண்கள் கொண்டுவந்தால் ஆண் போலீஸ் சோதனை போட்டுவிடுவார். அதனால் பெண்களின் இடுப்பில் கட்டி அனுப்புவார்கள். புடவைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க நான்.

அந்தச் செக்போஸ்ட் சுரங்கத்துக்கும் டவுன்ஷிப்புக்கும் நடுவே இருந்தது. தகரக் கூரை, ஒரு பெஞ்ச், சாலைக்குக் குறுக்கே ஏற்றி இறக்கும் ஒரு கட்டை. பக்கவாட்டில் சுரங்கத்திலிருந்து வரும் கிளைச் சாலை. கரி லாரிகள் போய் வந்து ரோடே கறுத்துக் கிடக்கும். வெள்ளைப் புடவை கட்டிய ஒருத்தி அந்த வழியாக நடந்து போனால் டவுன்ஷிப் போய்ச் சேரும்போது அது வேறு கலர்.

ஜமால் மேல்பட்டாம்பாக்கத்துக்காரர். என்னை முதல் நாள் பார்த்ததும் படிப்பைக் கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு எனக்குப் பேர் கிடையாது. “ஏ பி.எஸ்சி, அந்தக் கறுப்புப் பையைப் பாரு.” “பி.எஸ்சி, டீ ஆறிக்கினு கெடக்கு பாரு.” வாராவாரம் ஒரு அம்மா பாண்டி பஸ்ஸில் வருவார். வயிறு முன்னால் தள்ளியிருக்கும். தொட்டால் வலிக்கும், மாசமாக இருக்கிறேன் என்பார். நான் புதுசு, விட்டுவிட்டேன். ஜமால் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்து, “போன தீபாவளிக்கும் ஒம்போதாம் மாசம், இந்த தீபாவளிக்கும் ஒம்போதாம் மாசம். பொறக்கவே மாட்டேன்னு அடம் புடிக்குதாம்மா?” என்றார். பஸ்ஸே சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்துவிட்டுத் தானாக இறங்கி வந்தார்.

வண்டி நிறுத்துவதில் அவருக்கு ஒரு முறை உண்டு. அதை எனக்கு அவர் கற்றுக்கொடுத்தார், நானும் சர்வீஸ் முழுக்க அப்படியேதான் செய்தேன். வண்டி வருவது தெரிந்ததும் வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கி, உள்ளங்கையை டிரைவருக்குக் காட்ட வேண்டும். வண்டி நின்றதும் கையை இறக்கிவிடக் கூடாது. நின்ற வண்டிதான் ஆபத்து என்பார். டிரைவர் நியூட்ரல் போட வேண்டும். ஹேண்ட் பிரேக் இழுக்க வேண்டும். அவன் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கை இறங்கலாம்.

“ஏன்னா அவன் உன் மூஞ்சியைப் பாக்க மாட்டான், பி.எஸ்சி. கையைத்தான் பாத்துக்கினு இருப்பான். கை எறங்குச்சுன்னா அவனுக்கு அதான் உத்தரவு.”

இப்போது ஐயாவைப் பற்றி. எங்களுக்கெல்லாம் மேலதிகாரி. பெயரும் பதவியும் வேண்டாம், ஐயா என்றே எழுதுகிறேன். ஐயா கெட்ட வார்த்தை பேசமாட்டார். குரலை உயர்த்தமாட்டார். கை நீட்டமாட்டார். மடிப்புக் கலையாத கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டு, காதலியிடம் பேசுவதுபோல மெதுவாகப் பேசுவார். அவருடைய ஜீப் செக்போஸ்ட்டுக்கு வருவதற்கு முன்னால் டிரைவர் ஒரு மாதிரி ஹார்ன் அடிப்பார். குட்டியாக இரண்டு, நீளமாக ஒன்று. நாங்கள் தயாராக நிற்பதற்காக அந்த ஏற்பாடு. ஜீப் வேகத்தைக் குறைக்கும். ஐயா முன்சீட்டிலிருந்து எங்கள் கைகளைப் பார்ப்பார். முழங்கை சரியான உயரத்தில் இருக்கிறதா, விரல்கள் ஒட்டியிருக்கின்றனவா, பூட்ஸ் சத்தம் கேட்டதா. பார்ப்பாரே தவிர, ஒருநாளும் பதிலுக்குக் கை தூக்கியதில்லை. சல்யூட் என்பது கொடுத்து வாங்குவது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஐயா வாங்குவதோடு சரி.

ஒருநாள் பகல் ஷிப்ட் விட்ட நேரம். சங்கு ஊதிவிட்டது. கிளைச் சாலையிலிருந்து சைக்கிள்களும் கம்பெனி பஸ்களும் வெளியே வந்துகொண்டிருந்தன. மெயின் ரோட்டில் வந்த டவுன் பஸ்ஸை ஜமால் கைகாட்டி நிறுத்தியிருந்தார். ஹார்ன் கேட்டது. ஐயாவின் ஜீப். ஜமால் விறைப்பாக நின்றார். கையை மட்டும் இறக்கவில்லை. விதிப்படி அதுதான் சரி.

ஜீப் தாண்டிப் போய், நின்று, பின்னால் வந்தது.

“என் வண்டி உன் கண்ணுக்குத் தெரியலையா ஜமால்?” அந்த மெதுக்குரலில் கேட்டார்.

“பஸ்ஸை நிறுத்திக்கினு இருந்தேனுங்க ஐயா.”

“பஸ்ஸா உனக்குச் சம்பளம் குடுக்குது?”

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ஐயா, கவாத்து விதியில் இப்படிப் போட்டிருக்கிறது என்று ஆரம்பித்தேன். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. இந்தப் பொண்ணுக்குப் புத்தகம் படிக்கிற பழக்கம் இருக்கிறது போலிருக்கிறது, வெயிலில் நின்று படிக்கட்டும் என்று டிரைவரிடம் சொன்னார். அந்த வாரம் முழுக்க எனக்கு மைதானத்தில் கூடுதல் கவாத்து. அது போகட்டும். ஜமாலுக்கு என்ன செய்தார் என்பதுதான் விஷயம்.

ஜீப்பைத் திருப்பச் சொன்னார். வளைவு வரை போய்த் திரும்பி வந்தார். குட்டியாக இரண்டு, நீளமாக ஒன்று. ஜமால் சல்யூட் அடித்தார். ஜீப் கடந்துபோய்த் திரும்பியது. மறுபடி ஹார்ன். மறுபடி சல்யூட். ஷிப்ட் முடிந்து வந்த ஆட்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஒரு காலை ஊன்றிக்கொண்டு பார்த்தார்கள். டவுன் பஸ் ஜன்னலெல்லாம் தலைகள். முதலில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. தலைமுடி நரைத்த மனிதர், பேரன் எடுக்கப்போகிற வயது, ஒரு ஜீப்பைப் பார்த்து அடித்துக்கொண்டே இருக்கிறார். கூட்டத்திலிருந்து ஒருவர், “போதும் விடுங்க சார்” என்றார். ஐயா கைக்குட்டையை எடுத்து உதட்டை ஒற்றிக்கொண்டார். இன்னும் சில தடவை போய்வந்த பிறகுதான் ஜீப் ஒரேயடியாகப் போனது.

ஜமால் பெஞ்சில் உட்கார்ந்தார். டீயை இடது கையால் எடுத்தார். வலது கையைத் தொடைமேல் போட்டு, யாருடைய பொருளோபோல அதைப் பார்த்தார்.

“இது இனிமே என் கை இல்ல, பி.எஸ்சி. ஐயா வூட்டு நாய்க்குட்டி. விசில் அடிச்சா வாலாட்டும்.”

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால் வேடிக்கையாக இல்லை. அதேமாதிரி ஹார்ன் வைத்த பால் வேன் ஒன்று காலையில் வரும். அதற்கும் அவர் கை பாதி எழும்பும். எங்களோடு இருந்த இன்னொரு காவலர், பாலுக்கு சல்யூட் அடிக்கிற ஏட்டு என்று கேலி செய்தார். ஜமாலும் கூடவே சிரித்தார். ஒரு மனிதர் இத்தனை வருஷம் பழக்கிவைத்த கையை, ஒரே மத்தியானத்தில் இன்னொருத்தன் தனக்காகப் பழக்கிக்கொண்டு போய்விட்டான்.

அவர் செத்த அன்றைக்கும் அதே நேரம்தான். பகல் ஷிப்ட் விட்டு பஸ்கள் வரிசையாகக் கிளைச் சாலையிலிருந்து வந்தன. பஸ்கள் போவதற்காகக் கட்டையைத் தூக்கிவைத்திருந்தோம். மெயின் ரோட்டில் கரி லோடு ஏற்றிய லாரி ஒன்று வந்தது. காண்ட்ராக்ட் லாரி. ஜமால் அதற்கு எதிரே நின்று வலது கையைத் தூக்கினார். லாரி ஒழுங்காக நின்றது. நன்றாகக் கவனியுங்கள், நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் இன்னும் ஹேண்ட் பிரேக் இழுக்கவில்லை. அதனால் ஜமால் கையை இறக்காமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சாலை ஓரத்தில் ஒரு பஸ்ஸின் படிக்கட்டில் இருந்தேன்.

ஜமாலின் முதுகுப்பக்கமிருந்து அந்த ஹார்ன் வந்தது.

கை இறங்கியது. அவர் இறக்கியதாக நான் சொல்லமாட்டேன், இறங்கியது. அப்படியே பின்பக்கம் திரும்பினார். பூட்ஸ் சத்தம் கேட்டது. கை நெற்றிக்குப் போனது. முழங்கை சரியான உயரம். விரல்கள் ஒட்டியிருந்தன. லாரிக்கு முதுகு.

எதிரே இருந்த கை இறங்கிவிட்டது, போலீஸ்காரர் திரும்பிவிட்டார். போகச் சொல்லிவிட்டார் என்று லாரி டிரைவர் எடுத்தார். கிளைச் சாலைப் பஸ் எதுவும் குறுக்கே வருகிறதா என்று அவர் வலதுபக்கம் பார்த்துக்கொண்டே எடுத்தார். நான் கத்தினேன். பஸ் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. ஜமால் ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப் கடந்து போகும்வரை அசையக் கூடாதல்லவா.

நான் ஓடிப் போனபோது டிரைவர் குதித்து இறங்கி, ஜமாலின் தலையைத் தன் மடியில் வைத்திருந்தார். டிரைவர் பெயர் காசிலிங்கம். கம்மாபுரத்துப் பக்கம் நிலம் வைத்திருந்தவர். நிலம் சுரங்கத்துக்குப் போன பிறகு காண்ட்ராக்ட் லாரி ஓட்ட வந்தவர். என்னைப் பார்த்து, “கை எறங்குச்சும்மா. நீங்க பாத்தீங்கல்ல. கை எறங்குச்சு” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐயா ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார். குனிந்து பார்த்தார். கைக்குட்டையை எடுத்தார். பிறகு சுற்றி நின்ற எங்களிடம் அந்தப் பழைய மெதுக்குரலில் சொன்னார்.

“நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாம ஏத்திட்டான். எல்லாரும் பாத்தீங்க.”

பார்த்தீர்களா என்று கேட்கவில்லை. பார்த்தீர்கள் என்று சொன்னார்.

அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்திலிருந்து எல்லாம் வளர்ந்தது. லாரியில் கரியைத் தவிர ஒரு தூக்குச்சட்டி இருந்தது, அதில் பழைய சோறு. ஆனால் சாயங்காலத்துக்குள் அது கடத்தல் லாரி ஆகிவிட்டது. என்ன கடத்தினான் என்று இன்றுவரை ஒருவர் சொல்லவில்லை. நான் விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஹார்ன், கை, சல்யூட், எல்லாவற்றையும். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, “சல்யூட் அடிக்கப் போயி செத்தாருன்னு எழுதினா அந்த மனுஷனுக்கு அசிங்கம் இல்லையாம்மா? வீரமாப் போனாருன்னு இருக்கட்டுமே” என்றார்.

பாருங்கள், எவ்வளவு கருணை! ஜமாலுக்கு வீரம், காசிலிங்கத்துக்கு ஜெயில், ஐயாவுக்கு ஒன்றுமில்லை. பிறகு ஐயாவுக்குப் பதவி உயர்வும் வந்தது. அசிங்கம் யாருக்கு என்று அந்த அதிகாரியிடமே கேட்டேன். அடுத்த வாரமே வேறு மாவட்டத்துக்கு என்னைத் தூக்கி அடித்தார்கள். கோர்ட்டில் சாட்சி சொல்ல என்னைக் கூப்பிடவில்லை. நானே போய் நின்றேன். உன்னைக் கூப்பிடவில்லை, போ என்று வெளியே அனுப்பினார்கள். கேலி செய்த அந்த இன்னொரு காவலர், ஐயா சொன்னதை அப்படியே சொல்லிவிட்டு வந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். கோபத்தையெல்லாம் ஓர் ஆளுக்கே வைத்திருக்கிறேன், சில்லறை மாற்ற மாட்டேன்.

ஜமாலின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதும் நிகழ்ச்சிக்கு மேல்பட்டாம்பாக்கம் போனேன். அவர் மனைவி ஜுலைகாம்மா என்னை உள்ளே உட்காரவைத்தார். வந்தவர்கள் எல்லாரும் வீரர், வீரர் என்று சொல்லிவிட்டுப் போனதாகவும், அவர் அப்படியெல்லாம் முந்திரிக்கொட்டைபோல லாரி முன்னால் போய் நிற்கிற ஆள் இல்லையே என்றும் சொன்னார். “நீ கூட இருந்தேன்னு சொன்னாங்க. இன்னா நடந்துச்சு, மறைக்காம சொல்லு” என்றார். சொன்னேன். அவர் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

“அவரு கை தூக்குனாரே, அதுக்கு அந்த ஐயா பதிலுக்குக் கை தூக்குனாரா?”

“இல்லைங்க. அவரு எப்பவுமே தூக்க மாட்டாரு.”

“எங்க வூட்ல சின்னப் புள்ள சலாம் சொன்னாக்கூட அவரு பதில் சொல்லாம விட மாட்டாரு. தூக்கத்துல இருந்தாலும் எழுந்து சொல்லுவாரு.” முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். “அப்ப அந்த ஆளு இன்னும் பாக்கி வெச்சிருக்கான்.”

காசிலிங்கத்தையும் ஒருமுறை பார்த்தேன். ஜெயிலிலிருந்து வந்து ஆடு ஓட்டிக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்றார். ஊரில் அவர் வீட்டைப் போலீசைக் கொன்னவன் வூடு என்றுதான் அடையாளம் சொன்னார்கள். வழி கேட்டபோது என் காதாலேயே கேட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர். திருட்டு, அடிதடி, தேர் பந்தோபஸ்து, தேர்தல் பந்தோபஸ்து. எங்கே போனாலும் வண்டியை நிறுத்திக்கொண்டிருக்கும்போது நான் யாருக்கும் சல்யூட் அடித்ததில்லை. திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கினேன். வர வேண்டிய பதவி தள்ளித் தள்ளி வந்தது. அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. என் கை எனக்குச் சொந்தமில்லை, எதிரே நிற்கிற வண்டிக்குச் சொந்தம்.

இதையெல்லாம் நித்யாவிடம் சொல்லி முடித்தேன். அவர் கையில் வைத்திருந்த தாளை மடித்து, விரித்து, மறுபடி மடித்தார். நினைவு நாளுக்குப் பெரிய அதிகாரி வருகிறார், வாசகத்தை அவர் ஏற்கெனவே பார்த்து ஓகே செய்துவிட்டார், இப்போது எப்படி மாற்றுவது என்றார். மோட்டிவேஷனுக்கு என்னைக் கூப்பிட வேண்டாம், நான் வந்தால் இதைத்தான் பேசுவேன் என்றேன். அப்படியானால் பேச வேண்டாம், வந்து உட்கார்ந்தால் போதும் என்றார். வீட்டை விட்டுக் கிளம்பும்போது, “இப்பல்லாம் அந்த மாதிரி ஆபீசர் யாரும் இல்ல மேடம். காலம் மாறிடுச்சு” என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

நினைவு நாளன்று போனேன். செக்போஸ்ட் பக்கத்திலேயே ஷாமியானா போட்டிருந்தார்கள். ஜமாலின் போட்டோவுக்கு மாலை. கட்டை போய் இப்போது மஞ்சள் இரும்புத் தடுப்புகள் வந்திருந்தன. அன்றைக்கு அந்தத் தடுப்புகளையும் ஓரம் கட்டியிருந்தார்கள், அதிகாரியின் கார் தடையில்லாமல் வருவதற்காக. நான் ரோட்டைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

புதுக் காவலர் ஒருவன் ரோட்டில் நின்றிருந்தான். மீசை சரியாக முளைக்கவில்லை. கையைத் தூக்கி, அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஏற்றிய லாரி ஒன்றை நிறுத்தியிருந்தான். அழகாகத் தூக்கியிருந்தான், தோளுக்கு மேலே, உள்ளங்கை தெரிய. லாரியின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவில் அதிகாரியின் கார் தெரிந்தது. கூட்டத்தில் எல்லாரும் எழுந்தார்கள். பூட்ஸ் சத்தங்கள். அந்தப் பையன் கையை இறக்கினான். திரும்பினான். சல்யூட் அடித்தான்.

காலம் மாறிவிட்டதாம்!

லாரி உறுமியது. நான் எப்படி எழுந்தேன், ரோட்டுக்கு எப்படிப் போனேன் என்று எனக்குத் தெரியாது. முழங்கால் வலிக்காரி நான். பையனுக்கும் லாரிக்கும் நடுவே நின்று வலது கையைத் தூக்கினேன். தோளுக்கு மேலே. லாரி ஒரு குலுக்கலில் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, “இன்னாம்மா இது, அவரு போவச் சொல்றாரு, நீ நிக்கச் சொல்ற. நான் போவறதா வாணாமா?” என்றார்.

“அவரு போகச் சொல்லலப்பா. சல்யூட் அடிக்கிறாரு. நீ ஹேண்ட் பிரேக்கைப் போடு.”

அவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். அதிகாரியின் கார் எனக்குப் பின்னால் கடந்து போனது. அவர் பதிலுக்குக் கை தூக்கினாரா என்று நான் பார்க்கவில்லை. என் வேலை முன்னால் இருந்தது. பையன் அப்போதுதான் திரும்பினான். தன் முதுகுக்கு எவ்வளவு பக்கத்தில் லாரியின் பம்பர் வந்திருக்கிறது என்று பார்த்தான். என்னைப் பார்த்தான். ஷாமியானாவின் வாசலில் நித்யா நின்றிருந்தார். அவரும் பார்த்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அவர் மைக்குக்கு வந்தார். அதிகாரி முன்வரிசையில் இருந்தார். நித்யா தாளை விரித்தார். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டத்தில் ஒருவர் இருமினார். பிறகு தாளை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: “ஏட்டு ஜமால். இந்த இடத்தில் லாரியை நிறுத்திக்கொண்டிருந்தபோது, சல்யூட் அடிக்கத் திரும்பியதால் இறந்தார். அந்த டிரைவர்மேல் தப்பு இல்லை.” அவ்வளவுதான். மாவீரர் இல்லை, மார்பு இல்லை. அதிகாரி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். நித்யாவின் சர்வீஸில் இதற்கு விலை இருக்கும். எனக்குத் தெரியும், கொடுத்திருக்கிறேன்.

இதைக் காக்கி போட்டவர்கள் யாராவது படித்தால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். கையைத் தூக்கி ஒரு வண்டியை நிறுத்தியிருக்கிறீர்கள் என்றால், பின்னால் யாருடைய கார் வந்தாலும் கையை இறக்காதீர்கள். யாருடைய கார் வந்தாலும். ஏன் அடிக்கவில்லை என்று கேட்டால் ஏட்டு ஜமாலுக்கு இன்னும் பதில் சல்யூட் வரவில்லை, அது வந்த பிறகு அடிக்கிறேன் என்று சொல்லுங்கள்.